பூசாவின் பாசியும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு துறையும்

தில்லி கரோல் பாக்கின் மேற்கே பூசா வளாகம் பரந்து கிடக்கிறது. பூசா என்பது தில்லியின் பெயரன்று; பீகாரின் ஒரு சிற்றூரின் பெயர். அங்கே 1905இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்று, 1936இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. ஊர்ப்பெயரும் உடன் வந்தது. இன்று இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் அது, 1958இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இந்தியாவின் நன்னீர் உயிரின ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க ஒன்று வளர்ந்தது ஏரிக்கரையில் அன்று, இவ்வேளாண் வளாகத்தில்தான்.

ஒரு நீர்நிலையில் சேர்ந்து வாழும் உயிரினங்களுள் எது எதை உண்கிறது, எது எதனுடன் போட்டியிடுகிறது, புதிதாக நுழையும் ஒன்று ஏன் நிலைக்கிறது அல்லது அழிகிறது என்று வினவுவது நன்னீர்ச் சமுதாயச் சூழலியல். அவ்வகையில் நெல்வயலும் ஒரு நீர்நிலையே. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் நீர் நிற்கும் ஆழமற்ற குளம்.

நெல்வயலின் தழைச்சத்தில் நீலப்பச்சைப் பாசிகளுக்குப் பங்குண்டு என்பதை 1939இல் பி. கே. டே இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எடுத்துரைத்தார். அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் பாசியியலுக்கு ஒரு வலுவான மரபை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவர் மாணவர் டி. வி. தேசிகாச்சாரி எழுதிய ‘சயனோஃபைட்டா’ என்னும் பெருநூல் 1959இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் என்பது கருதத்தக்கது. பாசியைப் பெயரிட்டு வகைப்படுத்திய நூலுக்கும் வேளாண்மையே புகலிடமாயிற்று.

பூசாவின் நுண்ணுயிரியல் பிரிவில் ஜி. எஸ். வெங்கட்ராமன் இவ்வறிவை உழவரிடம் கொண்டுசென்றார். அவருடைய ‘பாசி உயிர் உரங்களும் நெல் சாகுபடியும்’ என்னும் ஆங்கில நூல் 1972இல் வெளிவந்தது. முறை எளியது: ஆழமற்ற தொட்டியில் மண், நீர், சூப்பர் பாஸ்பேட் இட்டு, தாய்ப்பாசியைத் தூவி வெயிலில் விட வேண்டும், படரும் பாசி காய்ந்து ஏடாகும், நடவு முடிந்து ஒரு வாரம் கழித்து எக்டருக்கு 10 கிலோ வீதம் வயலில் இட வேண்டும்.

சில வயல்களில் பயன் தெரிந்தது. பல வயல்களில் இட்ட பாசி நிலைக்கவில்லை. பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1980இல் பி. ஏ. ரோஜரும் பேராதனையைச் சேர்ந்த எஸ். ஏ. குலசூரியவும் இத்துறையின் சான்றுகளைத் தொகுத்தளித்தனர். அந்நிறுவனத்தின் பிந்தைய ஆய்வுகள் இரு காரணங்களைச் சுட்டின. ஒன்று, பெரும்பாலான வயல்களில் உள்ளூர்ப் பாசிகள் முன்பே நிறைந்திருந்தன. மற்றொன்று, ஆஸ்ட்ரகாட் எனும் நுண்ணிய ஓட்டுயிரிகளும் நத்தைகளும் கொசுப்புழுக்களும் பாசியை மேய்ந்துவிட்டன. வேப்பங்கொட்டைத் தூளால் மேய்வனவற்றைக் கட்டுப்படுத்தியபோது தழைச்சத்துச் சேர்க்கை உயர்ந்தது.

விடையின் ஒரு பாதி தொட்டியிலேயே இருந்தது. பாசி வளர்க்கும் தொட்டியில் புழுபூச்சி வராதிருக்கப் பூச்சிக்கொல்லி இடுமாறு செய்முறைக் குறிப்புகளே கூறின. தொட்டியில் தடுக்கப்பட்ட மேய்வன வயலில் காத்திருந்தன. உரத்துறை கேட்டது ‘எந்தப் பாசி?’ என்பது; வயல் கேட்டது ‘யாருடன் வாழும் பாசி?’ என்பது. இரண்டாம் வினா சமுதாயச் சூழலியலுக்கு உரியது.

அவ்வினாவை முழுமையாகக் கையிலெடுத்தால் எவ்வளவு விளையும் என்பதற்கு இலங்கையிலிருந்து ஒரு முனைவர் பட்ட ஆய்வு சான்றாகிறது. குருநாகல் மாவட்டத்து பத்தலகொடையின் பாசன வயல்களில் சன்ன பம்பரதெனிய பேராதனைப் பல்கலைக்கழகத்திற்காக நிகழ்த்திய ஆய்வு 494 முதுகெலும்பற்ற இனங்களையும் 103 முதுகெலும்புள்ள இனங்களையும் பதிவு செய்தது. விளைச்சலை மட்டும் அளந்திருந்தால் இவற்றுள் பெரும்பாலானவை கண்ணிற்படாமலே போயிருக்கும்.

இன்று இந்தியாவில் இத்துறையில் முனைவர் பட்டம் நாடும் மாணவர், நுழைவு அறிவிப்புகளில் இதன் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். நீர் உயிரினங்களின் ஆய்வு மீன்வளம், நுண்ணுயிரியல், தாவரவியல், விலங்கியல், சுற்றுச்சூழல் அறிவியல் எனப் பல வீடுகளில் குடியிருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிரியல் தாளில் சூழலியல் ஓர் அலகு மட்டுமே. பூசா போன்ற இடங்களுக்கு வேளாண் கழகத்தின் தேர்வு தனி.

ஆகவே தேட வேண்டியது துறையின் பெயரையன்று, நெறியாளரின் வினாவை. புகலிடம் தரும் துறை தன் தேவையையும் உடன் தரும்: உரம், மீன், குடிநீர். அத்தேவையை ஏற்றுக்கொண்டே, அது கேட்க மறந்த வினாவைக் கேட்பதில்தான் ஆய்வேடு தொடங்குகிறது. பூசாவின் காய்ந்த பாசி ஏடு விட்டுச்சென்ற பாடம் அது.