நெற்றியில் ஒரு கருந்திட்டு: குங்கும ஒவ்வாமையின் வரலாறு

திருவண்ணாமலை கோயிலைச் சுற்றியுள்ள பூசைச் சாமான் கடைகளில் குங்குமம் கூம்பு கூம்பாகக் குவிந்திருக்கும். அரக்குச் சிவப்பு, ரத்தச் சிவப்பு, தாழம்பூ மணம் ஏற்றியது என்று பல வகை. கிரிவலம் வந்தவர்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போகிறார்கள். அதில் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு.

பழைய பக்குவத்தில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. மஞ்சளோடு வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, நிழலில் உலர்த்தி இடித்தால் குங்குமம். மஞ்சளிலுள்ள குர்குமின்தான் இப்படிச் சிவக்கிறது. ஆனால் இதற்கு நாளும் செலவும் பிடிக்கும். மாவோடு அசோ வகைச் செயற்கைச் சாயமும் வாசனை எண்ணெயும் கலந்தால் அதைவிடப் பளிச்சென்ற சிவப்பு மலிவாகக் கிடைத்துவிடுகிறது. சந்தை அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

நெற்றியில் வரும் அரிப்பையும் தடிப்பையும் ‘பொட்டுப் புண்’ என்று சொல்லிப் பெண்கள் காலங்காலமாகப் பொறுத்துக்கொண்டார்கள். அதற்கு ஒவ்வாமைதான் காரணம் என்று நிரூபிக்கும் கருவி ஐரோப்பாவில் பிறந்தது. 1895-இல் யோசெஃப் யாடாசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர், பாதரசத்தால் தோல் அழற்சி கண்டவர்களின் உடலில் அதே பாதரசத்தைச் சிறு பட்டையாக ஒட்டிப் பார்த்தார். ஒட்டிய இடம் சிவந்து தடித்தது. ‘பேட்ச் டெஸ்ட்’ எனப்படும் இந்தச் சோதனை இன்றும் ஏறக்குறைய அதே வழியில்தான் நடக்கிறது. சந்தேகப்படும் பொருளைச் சின்னஞ்சிறு அலுமினியக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுகிறார்கள். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்க்கிறார்கள். இந்த ஒவ்வாமை தாமதமாகக் கிளம்புவதே அதற்குக் காரணம்.

அரிப்பே இல்லாமல் தோல் கறுத்துப்போவதும் உண்டு. ‘இருபது வருஷமா இதே குங்குமம்தான் வைக்கிறேன், இப்ப மட்டும் எப்படி?’ என்று கேட்பவர்களை எந்தத் தோல் மருத்துவரும் பார்த்திருப்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் உடல் ஒரு பொருளைப் பகையாகப் பழகிக்கொள்ளச் சில வாரமும் ஆகலாம், பல வருடமும் ஆகலாம். பழகிவிட்டால் பிறகு சிறு துளியே போதும். மேல்தோலின் அடியடுக்கு சிதைந்து, நிறமி கீழே கசிந்து தங்கிவிடுகிறது. அதனால்தான் அரிப்பு அடங்கிய பிறகும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கிறது.

முகம் இப்படிக் கறுப்பதை 1917-இல் வியன்னாவில் குஸ்தாவ் ரீல் பதிவு செய்தார். 1970-களில் ஜப்பானியப் பெண்களிடம் இது பரவலாகக் காணப்பட்டபோது, ஆய்வாளர்கள் ஒப்பனைப் பொருள்களில் இருந்த ‘பிரில்லியன்ட் லேக் ரெட் ஆர்’ என்ற சாயத்தைப் பிடித்தார்கள். அதில் மாசாகக் கலந்திருந்த ‘சூடான் 1’ வீரியமான ஒவ்வாமைப் பொருள் என்பதும் தெரிந்தது. 1977-இல் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் இத்தகைய பொருள்களை நீக்கத் தொடங்கின. அதற்கடுத்த ஆண்டிலிருந்தே நோயாளிகள் குறைந்தார்கள்.

குங்குமத்தின் முறை 1986-இல் வந்தது. குங்குமத்தால் தோல் கறுப்பதைப் பற்றி சிங்கப்பூரின் கோவும் ஜப்பானின் கொசூகாவும் அந்த ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஜப்பானியரை வாட்டிய அதே சாயம் பொட்டிலும் சிக்கியது. ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறியவர்களும் தப்பவில்லை. அதன் பசையிலுள்ள பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்-ஃபீனால் நிறமிச் செல்களை அழித்து, நெற்றியில் வெள்ளைத் திட்டை உண்டாக்குவதை 1990-இல் அலகாபாத்தின் ஏ.கே. பஜாஜ் குழு காட்டியது. திருவண்ணாமலையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி ஜிப்மரின் மருத்துவர்கள் நாத், தப்பா இருவரும் 46 குங்கும நோயாளிகளை ஆராய்ந்து 2007-இல் எழுதினார்கள். நம் பக்கத்துப் பெண்களின் நெற்றியை இவ்வளவு கவனமாகப் பார்த்த ஆய்வுகள் அரிது.

இத்தனையும் அச்சில் இருக்க, நெற்றி கறுத்தவர்கள் முதலில் போவது பெரும்பாலும் மருந்துக் கடைக்குத்தான். ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு, அதன் மேலேயே பழைய குங்குமத்தை வைக்கிறார்கள்.

பொட்டலத்தில் சாயத்தின் பெயரை அச்சிடச் சொல்வது முதல் படி. ஆனால் அது மட்டும் போதாது. சூடான் 1 யாரும் வேண்டுமென்று சேர்க்கும் பொருளாக அல்லாமல் வேறொரு சாயத்தின் மாசாகவே வரும்போது, எந்த லேபிளிலும் அதன் பெயர் இருக்காது. குங்குமம் அரைக்கும் சிறு பட்டறைக்காரரால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. சாய மூட்டை ஆலையை விட்டுப் புறப்படும் முன்பே சோதனை நடந்தாக வேண்டும்.