பேச்சுக்கும் இலக்கணம் உண்டு



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் போனில் பேசினார். "சார், ஆபீஸ்ல யாராவது மெயில் எழுதினா என்னைத்தான் திருத்தித் தரச் சொல்றாங்க. ஆனா சாப்பிட உட்கார்ந்து அவங்க பேச ஆரம்பிச்சா என்னால வாயைத் திறக்க முடியல. நாம படிச்ச மாதிரி யாருமே பேசுறதில்லையே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் படித்த இலக்கணம் பேச்சை ஏன் விட்டுவிட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வகுப்பு விதி நினைவிருக்கும். எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். "வேர் இஸ் த புக்?" என்றால் "ஆன் த டேபிள்" போதாது. "த புக் இஸ் ஆன் த டேபிள்" என்று முடித்தால்தான் உட்காரலாம். 1950-களில் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்த ஸ்ட்ரக்சுரல் பாடத்திட்டமும் வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் பழக்கும் முறைதான். அறுபது பேர் உட்கார்ந்த வகுப்புக்கும் எழுத்துத் தேர்வுக்கும் அது ஒத்துவந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கிலாந்திலும் வீட்டுக்குள் யாரும் அப்படிப் பதில் சொல்வதில்லை.

இது வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஹெரால்ட் பாமர் என்ற ஆசிரியர் 1924-லேயே 'எ கிராமர் ஆஃப் ஸ்போக்கன் இங்கிலிஷ்' என்று ஒரு புத்தகம் போட்டார். எடுத்துக்காட்டுகளை ஒலிக்குறிகளிலேயே அச்சிட்டார். ஆனால் அவருக்குக் கருவி அவருடைய காது மட்டும்தான். பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்து தாளில் நிற்கும். நிற்பதை வைத்துத்தானே இலக்கணம் எழுத முடியும்?

பேச்சைப் பதிவு செய்யும் கருவி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்காவில் சார்லஸ் ஃப்ரைஸ் சுமார் 50 மணி நேரத் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து, அதிலிருந்த ஏறத்தாழ 2,50,000 சொற்களை வைத்து 1952-ல் ஒரு இலக்கண நூல் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், உண்மைப் பேச்சிலிருந்து இலக்கணம் எடுத்த அதே மனிதர் கிளிப்பிள்ளைப் பயிற்சி முறைக்கும் முன்னோடிகளில் ஒருவர். 1959-ல் இங்கிலாந்தில் ராண்டால்ஃப் குவர்க் பத்து லட்சம் சொற்களைத் திரட்டும் வேலையைத் தொடங்கினார். பாதி எழுத்து, பாதி பேச்சு. கம்ப்யூட்டர் கைக்கு வராத காலம். எல்லாம் காகிதச் சீட்டுகள்.

பெரிய திருப்பம் 1990-களில் வந்தது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் கார்ட்டர், மைக்கேல் மெக்கார்த்தி இருவரும் 50 லட்சம் சொற்கள் அளவுக்குப் பேச்சு மட்டுமே திரட்டினார்கள். கான்கோட் என்று பெயர். கடை, அலுவலகம், வகுப்பறை, நண்பர்கள் அரட்டை, வீடு என்று யார் யாரோடு என்ன உறவில் பேசுகிறார்கள் என்பதை வைத்து வகை பிரித்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். உறவு மாறினால் பேச்சு மாறும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதில் என்ன கிடைத்தது? பிழை என்று சிவப்பு மை வாங்கிய பலவும் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வருபவை. பேச்சுக்குரிய இலக்கணம். "ஹி இஸ் எ நைஸ் மேன், யுவர் அங்கிள்" என்கிறார்கள். பெயர் வாலாகத் தொங்குகிறது. நாம் "நல்ல மனுஷன், உங்க மாமா" என்பதில்லையா? "யுவர் சிஸ்டர், இஸ் ஷீ ஸ்டில் இன் மதுரை?" என்று பெயரை முன்னால் போட்டுவிட்டுக் கேட்கலாம். "உங்க அக்கா, அவங்க இன்னும் மதுரையிலதான் இருக்காங்களா?" அவர்களுக்கு "டீ ஆர் சம்திங்" என்றால் நமக்கு "டீ கீ". அவர்கள் "வெல்..." என்று இழுக்கும் பல இடங்களில் நாம் "வந்து..." என்று இழுக்கிறோம். எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று என்று பிறந்ததிலிருந்து இரண்டையும் ஆள்கிற நமக்கு, ஆங்கிலத்திலும் அப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பும் வந்தது. கார்ட்டருக்குப் பதிலாக 1998-ல் கை குக் என்ற அறிஞர் எழுதினார். தாய்மொழிக்காரர் பேசுவதாலேயே அது கற்பவருக்கு மாதிரி ஆகிவிடாது என்பது அவர் கட்சி. நியாயம்தான். கான்கோட்டில் உள்ளது பிரிட்டன், அயர்லாந்துக்காரர் பேச்சு. கொரியாக்காரரோடும் ஜெர்மன்காரரோடும் வேலை பார்க்கும் நம் பிள்ளைக்கு நாட்டிங்காம் நடை எதற்கு? ஆனால் காது பழகியே ஆக வேண்டும். "வான்ட் சம் டீ?" என்று ஒருவர் கேட்கும்போது, மனதுக்குள் "டூ யூ" தேடிக்கொண்டிருந்தால் டீ ஆறிவிடும். புரிந்துகொள்ளத் தெரிந்த பிறகு, எதைப் பேசுவது, எதை விடுவது என்பது அவரவர் விருப்பம்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஏதாவது ஆங்கிலப் பேட்டியில் இரண்டே நிமிடம் ஓடவிட்டு, 'வெல்', 'யூ நோ' உட்பட காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பிறகு அதையே கட்டுரை நடையில் மாற்றி எழுதட்டும். எது காணாமல் போனது, எது புதிதாக வந்தது என்று கோடிட்டுப் பார்க்கட்டும். ஆங்கிலம் மிரட்டினால் முதலில் தமிழில் செய்யுங்கள். பாட்டி போனில் பேசுவதைப் பதிவு செய்தாலே போதும், பாட்டியிடம் கேட்டுக்கொண்டு.