பிஎச் மீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா? மாடித் தோட்டத்துக்கு வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

மல்லிகைச் செடியில் இலை மஞ்சளாகிக்கொண்டே போகிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. சத்துக் குறைபாடுதான் என்று நினைத்து முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் என ஒவ்வொன்றாகத் தொட்டியில் கொட்டுவார்கள். மஞ்சள் குறையாது, கூடும். பல நேரங்களில் மண்ணில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். முட்டை ஓடும் சாம்பலும் அந்தக் காரத்தை மேலும் ஏற்றிவிடும்.

இந்த மாதிரி சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான் எலக்ட்ரானிக் பிஎச் மீட்டர். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால், தப்பாகக் காட்டும் மீட்டர் கையில் இருப்பதைவிட மீட்டரே இல்லாமல் இருப்பது மேல். 7.8 இருக்கும் மண்ணை அது 5.8 என்று காட்டினால், சுண்ணாம்பு போடத் தோன்றும். போட்ட சுண்ணாம்பை மண்ணிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. அதனால் எந்த மீட்டரை வாங்குவது என்பதைவிட, வாங்கிய பிறகு அதை எப்படி வைத்திருப்பது என்பதுதான் முக்கியம்.

பிஎச் எவ்வளவு இருக்கணும்?

பிஎச் அளவுகோல் 0 முதல் 14 வரை. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் மாறினால் 10 மடங்கு வித்தியாசம் என்பதை மறந்துடக் கூடாது. 6 பிஎச் உள்ள மண், 7 உள்ள மண்ணைவிட 10 மடங்கு அமிலத்தன்மை கொண்டது. 5 என்றால் 100 மடங்கு.

தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை போன்ற பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7 வரை ஏற்றது. 7.5 வரை சமாளித்துக்கொள்ளும். நீலகிரியின் தேயிலைத் தோட்ட மண் அமிலத்தன்மை கொண்டது; தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரைதான் பிடிக்கும். கோவில்பட்டி பக்கம் உள்ள கரிசல் மண் காரம் பக்கம் நிற்கும். மாடித் தோட்டத்தில் ஆரம்பத்தில் மண் கலவை சரியாகவே இருந்தாலும், உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றும்போது பிஎச் மெல்ல மெல்ல ஏறும். இட்லிப் பூ, மல்லிகை போன்ற செடிகள் அதை இலையில் முதலில் காட்டிவிடும்.

கடையில் ரெண்டு வகை... எது சரி?

முதல் வகை, மண்ணில் அப்படியே குத்தும் இரட்டைக் கம்பி மீட்டர். ஈரம், வெளிச்சம், பிஎச் மூன்றையும் காட்டும் 'த்ரீ இன் ஒன்' என்று விற்பார்கள். பேட்டரியே தேவையில்லை. எப்படி? இரண்டு கம்பிகளும் வெவ்வேறு உலோகம். ஈர மண்ணில் குத்தியதும் அவற்றுக்கு இடையே உண்டாகும் சின்ன மின்னோட்டம் முள்ளை நகர்த்துகிறது. இங்கதான் சிக்கல். மண்ணின் ஈரமும் உப்பும் மாறினாலும் இந்த மின்னோட்டம் மாறும். தண்ணீர் ஊற்றும் முன் ஒரு எண், ஊற்றிய பின் வேறு எண் என்று ஒரே தொட்டியிலேயே காட்டக்கூடும். இதை நம்பி சுண்ணாம்போ கந்தகமோ போடுவது சரியல்ல.

இரண்டாவது வகை, பேனா மாதிரி இருக்கும் டிஜிட்டல் மீட்டர். நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஏற்ப இந்தக் கண்ணாடியில் உருவாகும் மின்னழுத்தத்தை, உள்ளே இருக்கும் இன்னொரு மின்முனையோடு ஒப்பிட்டு பிஎச் எண்ணாக மாற்றுகிறது. 1934-ல் அமெரிக்க வேதியியலாளர் அர்னால்டு பெக்மன் உருவாக்கிய மீட்டரும் கண்ணாடி மின்முனையை வைத்துத்தான் வேலை செய்தது. அதுவும் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்கக் கேட்ட ஒரு நண்பருக்காக! தோட்டத்துக்கு வாங்க வேண்டியது இந்த வகையைத்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• துல்லியம்: திரையில் 6.83 என்று இரண்டு தசமம் தெரிந்தால் மட்டும் துல்லியமான மீட்டர் ஆகிவிடாது. பெட்டியில் 'பிளஸ் ஆர் மைனஸ்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். தோட்டத்துக்கு 0.1 போதும்.

• கேலிபரேஷன்: குறைந்தது இரண்டு புள்ளிகளில் சரிபார்க்கும் வசதி வேணும். ஒரே ஒரு திருகை மட்டும் திருப்பிச் சரிசெய்யும் மாடலில், ஒரு பக்கம் சரியாகி இன்னொரு பக்கம் விலகி நிற்க வாய்ப்பு உண்டு.

• ஏடிசி: வெப்பநிலைக்கு ஏற்ப அளவைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி. நம்ம ஊர் வெயிலுக்கு இது அவசியம்.

• மாற்றக்கூடிய மின்முனை: நுனியை மட்டும் கழற்றி மாற்றும் மாடல் விலை கூடுதல். ஆனால் நுனி தேய்ந்ததும் மொத்த மீட்டரையும் தூக்கிப் போட வேண்டாம்.

• தயாரிப்புத் தேதி: கண்ணாடி மின்முனை பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். பழைய ஸ்டாக்கைத் தவிர்ப்பது நல்லது.

கேலிபரேஷன் எப்படி பண்றது?

பேனா மீட்டரோடு பெரும்பாலும் 3 பொடிப் பாக்கெட்டுகள் வரும்: 4.0, 6.86, 9.18. இவைதான் பஃபர், அதாவது பிஎச் எவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்த கரைசலுக்கான பொடி. பாக்கெட்டில் சொன்ன அளவு டிஸ்டில்டு வாட்டரில் கரைக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்தத் தண்ணீர்தான். பல பாக்கெட்டுகளுக்கு அளவு 250 மில்லி. குழாய்த் தண்ணீரில் கரைத்தால் எண் மாறிவிடும்.

முதலில் 6.86 கரைசலில் நுனியை வைத்து, எண் நிலையாக நின்றதும் சரிசெய்யுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் அலசிவிட்டு, அமில மண் என்றால் 4.0, கார மண் என்றால் 9.18 கரைசலில் வையுங்கள். வாராவாரம் அளப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யணும். மாதக்கணக்கில் தொடாமல் இருந்தால், அளக்கும் முன் கட்டாயம் செய்யணும்.

பயன்படுத்திய கரைசலை மறுபடி பாட்டிலில் ஊற்றக் கூடாது. மூன்றில் முதலில் கெடுவது 9.18தான். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு அதன் பிஎச் இறங்கிவிடும். கலந்த தேதியை பாட்டில் மேல் எழுதி, இறுக மூடி வையுங்கள்.

மண்ணில் நேரா குத்தலாமா?

கூடாது. கண்ணாடிக் குமிழ் கீறும், உடையும். நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்துச் சலித்த மண் 20 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 50 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம நாட்டு மண் பரிசோதனைக் கூடங்களில் வழக்கமாக எடுக்கும் 1:2.5 விகிதம் இதுதான். அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கி, பிறகு அளக்கலாம். தேங்காய் நார்க்கழிவு அதிகமுள்ள எடை குறைந்த கலவை என்றால், ஒரு டம்ளர் கலவைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். எப்போதும் ஒரே விகிதத்தில் அளந்தால்தான் போன மாத எண்ணோடு ஒப்பிட முடியும். மொட்டை மாடி வெயிலில் நின்று அளக்காமல் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

மீட்டர் சீக்கிரம் கெட்டுப்போவது ஏன்?

அளந்து முடித்ததும் துடைத்து, காயவைத்து, டப்பாவில் போட்டு மூடுவதால்தான். கண்ணாடிக் குமிழின் மேல்பரப்பு ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். காய்ந்தால் எண் ஆடும், நிலைக்க நேரமாகும்.

அதனால் மூடிக்குள் சில சொட்டு 'ஸ்டோரேஜ் சொல்யூஷன்' விட்டு மூட வேண்டும். இது பொட்டாசியம் குளோரைடு கரைசல். கைவசம் இல்லையென்றால் தற்காலிகமாக 4.0 பஃபரை விடலாம். டிஸ்டில்டு வாட்டரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ ஊறவைக்கவே கூடாது; மின்முனைக்குள் இருக்கும் உப்பு வெளியேறிவிடும். அலசுவதற்கு மட்டுமே டிஸ்டில்டு வாட்டர். உங்கள் மீட்டரின் கையேடு வேறு மாதிரி சொன்னால், அதைப் பின்பற்றுங்கள்.

மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்தால் பயப்பட வேண்டாம், அலசினால் போயிடும். முழுசா காய்ந்துபோன மீட்டரை ஒரு இரவு ஸ்டோரேஜ் சொல்யூஷனில் ஊறவைத்து, கேலிபரேஷன் செய்து பார்க்கலாம். டிஷ்யூவால் குமிழைத் தேய்க்காமல், ஒற்றி எடுங்கள்.

பஞ்சகவ்யா, மீன் அமிலம் அளப்பவர்கள் கவனத்துக்கு...

இயற்கை இடுபொருட்களில் இருக்கும் கொழுப்பும் புரதமும் கண்ணாடியில் ஏடு மாதிரி படியும். அளந்த உடனே அலசிவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மிதமான சோப்புத் தண்ணீரில் சில நிமிடம் வைக்கலாம். போர் தண்ணீரால் வெள்ளைப் படிவு வந்தால், வினிகரில் சில நிமிடம் வைத்து அலசலாம். எதைச் செய்தாலும், பிறகு ஒரு மணி நேரம் ஸ்டோரேஜ் சொல்யூஷனில் வைத்து மறுபடி கேலிபரேஷன் செய்யணும்.

எப்போ மாத்தணும்?

நன்றாகப் பராமரித்தாலும் மின்முனை ஒன்றிரண்டு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். புது பஃபரில் வைத்தும் எண் நிலைக்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலோ, 4.0, 9.18 என எதில் வைத்தாலும் 7-ஐ ஒட்டியே காட்டினாலோ, மாற்றும் நேரம் வந்தாச்சு. சந்தேகம் வந்தால் சமையலறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில் காட்டணும்; சமையல் சோடா கரைத்த தண்ணீர் 8-ஐத் தாண்டணும். இது மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான், கேலிபரேஷனுக்கு மாற்று இல்லை.

எண் வந்தாச்சு, அடுத்து?

ஒரே ஒரு அளவை வைத்து எதையும் கொட்ட வேண்டாம். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று இடத்து மண்ணை எடுத்து அளந்து பாருங்கள். காரம் அதிகம் என்றால் தொழுவுரம், மண்புழு உரம், தேவைப்பட்டால் கொஞ்சம் கந்தகம். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள்தான் கந்தகத்தை அமிலமாக மாற்ற வேண்டும் என்பதால் வாரங்கள், ஏன் மாதங்கள்கூட ஆகும். அவசரப்பட்டு இரண்டாவது முறை போட்டுவிடக் கூடாது. அமிலம் அதிகம் என்றால் மட்டுமே சுண்ணாம்பு, டோலமைட், சாம்பல்.

சுண்ணாம்போ கந்தகமோ போடும் முடிவுக்கு வந்துவிட்டால், அதே மண்ணில் ஒரு பகுதியை வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, அந்த வசதி உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்துப் பாருங்கள். 2015-ல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் பரிசோதிக்கப்படும் 12 விஷயங்களில் பிஎச்சும் ஒன்று. ஆய்வக எண்ணும் உங்கள் மீட்டரின் எண்ணும் நெருங்கி வந்தால், அடுத்த சில மாதங்களுக்கு மீட்டரை நம்பி வேலை செய்யலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால், முதலில் புது பஃபரில் கேலிபரேஷன். அதன் பிறகுதான் மண்ணில் கை வைக்கணும்.