இங்கிலீஷ் வராத பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

இன்னைக்கு எபிசோடு ஒரு ஸ்கூல் பஸ்ஸைப் பத்தி.

1963. லண்டனுக்கு மேற்குப் பக்கம் சவுத்ஹால்னு ஒரு ஊர். ஹீத்ரோ விமான நிலையத்திலும் சுத்தி இருந்த தொழிற்சாலைகளிலும் வேலை கிடைச்சதால, பஞ்சாபிலிருந்து நிறைய குடும்பங்கள் அங்கே குடியேறியிருந்தாங்க. பிள்ளைகள் பக்கத்துல இருந்த அரசுப் பள்ளிகளில் சேர்ந்தாங்க. வீட்டில் பஞ்சாபி, பள்ளியில் இங்கிலீஷ்.

அந்த வருஷம் அக்டோபரில், வெள்ளைக்காரப் பெற்றோர்கள் கல்வி அமைச்சர் எட்வர்ட் பாயிலை ஒரு கூட்டத்தில் வச்சு முறையிட்டாங்க. இந்தப் பிள்ளைகளால எங்க பிள்ளைகள் படிப்பு கெடுது, தனியா பிரிச்சு வைங்கன்னு கேட்டாங்க. பாயில் அதுக்கு ஒத்துக்கல. பதிலா, ஒரு பள்ளியில் குடியேறியவர்களின் பிள்ளைகள் சுமார் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு கணக்கு சொன்னார். 1964-ல் ஆட்சி மாறி லேபர் கட்சி வந்தது. கணக்கு மட்டும் மாறல. 1965-ல் கல்வித் துறையோட 7/65 சுற்றறிக்கை வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல போனா, மிச்சப் பிள்ளைகளை வேற பள்ளிகளுக்குப் பிரிச்சு அனுப்பலாம்னு அது பரிந்துரை செஞ்சது.

அப்படித்தான் பஸ் வந்தது. சவுத்ஹால் சேர்ந்திருந்த ஈலிங் பகுதியிலும், வடக்கே பிராட்ஃபோர்டிலும், ஆசியப் பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பள்ளியைத் தாண்டி பல மைல் தூரம் போனாங்க. அஞ்சு வயசுப் பிள்ளைகளும் அதில் உண்டு. பள்ளி முடிஞ்சதும் பஸ் கிளம்பிடும், அதனால சாயங்கால விளையாட்டு கிடையாது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா அம்மா ஓடிப் போய்ப் பார்க்கிற தூரமும் இல்லை. லண்டன் நகர்ப்பகுதியும் பர்மிங்ஹாமும் இந்த யோசனையே வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

சொல்லப்பட்ட காரணம்: இங்கிலீஷ் பேசுற பிள்ளைகளோட கலந்தா சீக்கிரம் மொழி வரும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ்ஸில் யார் ஏறினாங்கன்னு பாருங்க. ஈலிங்கில் இங்கிலீஷ் நல்லாப் பேசுற ஆசியப் பிள்ளையும் ஏறினான். வெள்ளைக்காரப் பிள்ளை யாரும் ஏறல. நம்ம வேலையில் இதை ப்ராக்ஸி மெட்ரிக்னு சொல்லுவோம். அளக்க வேண்டியது ஒண்ணு, அது கஷ்டம்ங்கிறதால கையில் கிடைச்ச வேற ஒண்ணை அளக்கிறது. இங்கே அளக்க வேண்டியது மொழி. அளந்தது தோல் நிறம். இன உறவுகள் வாரியம் இதைத்தான் கேள்வி கேட்டது, விஷயம் நீதிமன்றம் வரை போனது. 1980-களின் தொடக்கத்தில் பஸ்கள் நின்னு போச்சு.

பஸ் நின்னாலும் பிரிக்கிற பழக்கம் நிக்கல. யார்க்‌ஷயரில் கால்டர்டேல்னு ஒரு பகுதி. அங்கே புதுசா வர்ற, வீட்டில் வேற மொழி பேசுற பிள்ளைகளுக்கு ஒரு இங்கிலீஷ் தேர்வு. தேறாதவங்க தனி மொழி மையத்துக்கோ தனி வகுப்புக்கோ போகணும். அங்கே இங்கிலீஷ் இருந்தது, ஆனா மற்ற பிள்ளைகள் படிச்ச முழுப் பாடத்திட்டம் இல்லை. கணக்கும் அறிவியலும் காத்திருக்கணும். 1985-ல் ஸ்வான் கமிட்டி அறிக்கை, தனி மையம் வேண்டாம், எல்லாரும் படிக்கிற வகுப்பிலேயே உதவி செய்யுங்கன்னு சொன்னது. 1986-ல் இன சமத்துவ ஆணையம் கால்டர்டேல் ஏற்பாட்டை மறைமுக இனப் பாகுபாடுன்னே அறிவிச்சது.

இதுக்குள்ள நம்ம ஆட்களும் வர்றாங்க. 1983-க்கு அப்புறம் இலங்கையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி பக்கம் வந்து சேர்ந்தாங்க. கூடுதல் ஆசிரியர்களுக்கான அரசு மானியம் 1966 சட்டத்தின் 11-ஆவது பிரிவில் இருந்து வந்தது. அது காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். இலங்கை காமன்வெல்த்தில் இருந்ததால, காகிதத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தக் காசு உண்டு. பக்கத்து பெஞ்சில், அதே மாதிரி போருக்குத் தப்பி வந்த வியட்நாம் பிள்ளைக்குக் கிடையாது. அந்த விதியை மாத்த 1993 வரை ஆச்சு.

சரி, ஒரே வகுப்பில் உட்கார வச்சா மட்டும் போதுமா? போதாது. உதவி இல்லாம உட்கார வச்சா, அந்தப் பிள்ளை ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கும். பலன் கொடுத்த முறை வேற: வகுப்பு ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிடுறது. ஆவியாதல் பாடம்னா, முதல்ல தண்ணி கொதிக்கிறதைக் காட்டணும். தன் மொழி தெரிஞ்ச இன்னொரு பிள்ளையோட அதைப் பேச விடணும். அப்புறம் முக்கியமான சொற்களையும் வாக்கியத்தையும் இங்கிலீஷில் கொடுக்கணும். பிள்ளைக்கு அறிவியல் ஏற்கெனவே புரிஞ்சிருக்கும், சேர்க்க வேண்டியது மொழி மட்டும்தான்.

இதுக்கு எவ்வளவு நாள் ஆகும்? கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979-லிருந்து ஒரு வேறுபாட்டைச் சொல்லிக்கிட்டு வர்றார். விளையாட்டு மைதானத்தில் பேசுற மொழி சுமார் ரெண்டு வருஷத்தில் வந்துடும். பாடம் எழுதுற மொழிக்கு குறைஞ்சது அஞ்சு வருஷம். இதனாலதான் நல்லாப் பேசுற பிள்ளை தேர்வில் திணறும்போது, "சோம்பேறி"ன்னு பேர் வாங்குது.

2011-ல் இங்கிலாந்து, இதுக்குன்னு தனியா ஒதுக்கின மானியத்தைப் பள்ளிகளோட பொது பட்ஜெட்டில் கலந்துடுச்சு. இப்போதைய நிதிக் கணக்கில், ஒரு பிள்ளை பள்ளிக் கல்விக்குள்ள வந்து மூணு வருஷம் வரைதான் இங்கிலீஷுக்கான கூடுதல் தொகை. தேவை அஞ்சு வருஷம், காசு மூணு வருஷம். இன்னைக்கு இங்கிலாந்துப் பள்ளிகளில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வீட்டு மொழி வேற.

பஸ், தனி மையம், மூணு வருஷக் கணக்கு. எல்லாமே உதவிங்கிற பேர்லதான் வந்தது. அடுத்த முறை எந்த நாட்டிலாவது இப்படி ஒரு திட்டம் அறிவிச்சா, ரெண்டு கேள்வி கேளுங்க. இதனால யாருக்கு வசதி? அந்தப் பிள்ளை இன்னைக்கு எந்தப் பாடத்தை இழக்குது?

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.