உட்கருத் துளைப் புரதங்களும் செல் வேறுபாடடைதலும்

உட்கருத் துளைப் புரதங்கள் (நியூக்ளியோபோரின்கள்) செல்லின் உட்கரு உறையில் துளைகளை அமைப்பவை. ஏறத்தாழ 30 வகைப்படும் இவை உட்கருவுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் இடையே புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் சென்று வர வழி செய்கின்றன. செல் வேறுபாடடையும்போது, அதாவது குறிப்பிட்ட பணிக்குரிய செல்லாக மாறும்போது, மரபணுக்களைத் தூண்டுவதிலும் அடக்குவதிலும் இவற்றுள் சிலவற்றுக்குப் பங்குண்டு.

கருதுகோள்

செயல்படும் மரபணுக்கள் குறிப்பிட்ட துளைகளோடு இணைந்திருக்கலாம் என்று 1985இல் குந்தர் புளோபல் முன்மொழிந்தார். புரதங்கள் செல்லுக்குள் இடம் சேரும் முறையைக் கண்டறிந்ததற்காக 1999இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

தசை செல்கள்

பெருகிக்கொண்டிருக்கும் எலித் தசை முன்னோடி செல்களின் துளைகளில் நப்210 என்னும் புரதம் இல்லை. வேறுபாடடையத் தொடங்கியதும் அது துளைகளில் சேர்கிறது. அதன் உற்பத்தியைத் தடுத்தால் தசை இழைகள் உருவாவதில்லை. ஆனால் துளைவழிப் போக்குவரத்து பாதிக்கப்படுவதில்லை. மார்ட்டின் ஹெட்சர் குழு 2012இல் வெளியிட்ட இம்முடிவு, துளைக்குப் போக்குவரத்தைத் தவிர வேறு பணியும் உண்டு எனக் காட்டியது. மெஃப்2சி என்ற படியெடுத்தல் காரணியை (மரபணுவை இயக்கும் புரதத்தை) நப்210 துளையருகே ஈர்த்து, அங்குள்ள தசை மரபணுக்களை இயக்குவது 2017இல் தெரியவந்தது.

குருத்து செல்கள்

எலிக் கருவின் குருத்து செல்களில் நப்153 என்னும் துளைப் புரதம், நப்210க்கு மாறாக, வளர்ச்சி மரபணுக்களை அடக்கிவைக்க உதவுகிறது. அது குறைந்தால் செல்கள் உரிய காலத்துக்கு முன்பே வேறுபாடடைகின்றன. நரம்பு முன்னோடி செல்களில் அதே புரதம் சாக்ஸ்2 காரணியுடன் சேர்ந்து இயங்குகிறது. நப்98 போன்ற துளைப் புரதங்கள் துளையை விட்டு நீங்கி, உட்கருவின் உட்பகுதியிலும் மரபணுக்களோடு பிணைவது 2010இல் பழ ஈக்களில் கண்டறியப்பட்டது.

இந்திய ஆய்வுகள்

துளைகள் உட்கரு உறையின் உட்புறத்தில் உள்ள, லேமின் என்னும் புரதங்களாலான வலையோடு பிணைந்துள்ளன. தசை செல் வேறுபாடடையும்போது லேமின் ஏ/சி அமைப்பு மாறுவதை ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் வீணா பர்நாயக் குழுவினர் 2001இல் விவரித்தனர். போபால் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) ராம் குமார் மிஸ்ராவின் குழு துளைப் புரதங்களை ஆராய்கிறது.

நோய்த் தொடர்பு

நப்98 மரபணுவின் ஒரு பகுதி ஹாக்ஸ்ஏ9 மரபணுவோடு இணைந்துவிட்டால் இரத்த முன்னோடி செல்கள் முதிர்வதில்லை. தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோய் உண்டாகிறது. இவ்விணைவு 1996இல் அறியப்பட்டது.