மதிலுக்குள் நீதிமன்றம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மத்திய சிறை கிடையாது. 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கருணாபுரம் கள்ளச்சாராய வழக்கில் கைதானவர்களும் கடலூர் மத்திய சிறைக்கே போனார்கள். அப்படிப் போகிறவர்களுக்குச் சிறைக்குள் நடப்பதை நீதிபதி தட்டிக் கேட்பது அண்மைக்கால வழக்கம்தான். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் விலங்கு மாட்டவும் தனிக்கொட்டடியில் அடைக்கவும் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் தந்தது. தண்டனை விதிப்பதோடு தம் வேலை முடிந்தது என்று நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஒதுங்கி நின்றன.

1978–79-இல் சுனில் பத்ரா வழக்குகள் இதை மாற்றின. தில்லி திகார் சிறை வார்டர் ஒருவரின் கொடுமையைப் பற்றி மரண தண்டனைக் கைதியான பத்ரா எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. மாவட்ட நீதிபதிகள் சிறைக்கு நேரில் போய்க் குறை கேட்க வேண்டும், புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என்று தீர்ப்பெழுதினார் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அவரே 1948-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தவர்; 1957 கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர்.

சிறை அதிகாரத்தை நீதிமன்றம் தட்டிக் கேட்டதில் தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்டது ஆட்டோ சங்கர் வழக்கு. மரண தண்டனை பெற்ற அவர் செங்கல்பட்டுச் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தது. அதில் அவரோடு அதிகாரிகள் சிலருக்கு இருந்த தொடர்புகள் அம்பலமாகும் நிலை. எழுத்து அவருடையதல்ல, வெளியிடுவது சிறை விதிக்கு முரண் என்று சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூனில் கடிதம் அனுப்பினார். விதியைக் காட்டி மேலதிகாரிகளைக் காக்கும் முயற்சி என்றே இது தோன்றுகிறது. வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்று அக்டோபர் 7-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சாராய ஊறலுக்குப் பேர்போன கல்வராயன் மலையில் அதிகம் அடிபடுவது குண்டர் சட்டம், அதாவது 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். இதன்படி விசாரணையின்றி 12 மாதம் வரை காவலில் வைக்கலாம். ஆனால் மூன்று வாரத்துக்குள் கோப்பு அறிவுரைக் கழகத்துக்குப் போயாக வேண்டும். ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து 2024-இல் உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கெடுத்தது. அதை விசாரித்த நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியத்தின் தலைமையிலான அமர்வின் முன்னேதான் வேலூர் சிறை விவகாரமும் வந்தது. ஆயுள் கைதி ஒருவரைச் சிறை அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, திருட்டுப் பழி சுமத்தி, தனிமையில் அடைத்துத் துன்புறுத்தியதாக அவருடைய தாய் மனுப் போட்டார். குற்றவியல் நடுவர் விசாரித்து அறிக்கை தந்தார், சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படி மனுப் போட ஆளில்லாத மலைக் கைதிக்கு மாவட்ட நீதிபதியின் நேர்ப் பார்வைதான் மிஞ்சுகிறது.