நுளம்பும் இயற்கைத் தேர்வும்

மண்டைதீவில் நுளம்புவலை கட்டித் துயில்வோருக்கு இயற்கைத் தேர்வு ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1934-35இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. 1946இல் வீடுதோறும் டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கினர்; 1963இல் நோயாளர் தொகை 17ஆக வீழ்ந்தது. நோய் ஒழிந்ததென மயங்கித் தெளிப்பைத் தளர்த்தினர். 1968, 1969ஆம் ஆண்டுகளில் அது மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. திரும்பத் தெளித்தபோது டீ.டீ.ரீ. முன்போற் பயன்தரவில்லை, 1977இல் மலத்தியனை நாட நேர்ந்தது.

நுளம்பு நஞ்சுக்குப் பழகிவிட்டது என்பர் சிலர். அது பொருந்தாது. நுளம்புக் கூட்டத்தில் நஞ்சைத் தாங்கும் பரம்பரை இயல்பைத் தற்செயலாகப் பெற்றவை மிகச் சிலவே. ஏனையவை மடிய, அவை எஞ்சிப் பெருகின. சில தலைமுறைகளில் அவ்வியல்பே பெரும்பான்மையாயிற்று. தனியுயிர் மாறுவதன்று, கூட்டத்தின் விகிதமே மாறுகின்றது. 1859இல் டார்வின் உலகறியச் செய்த தேர்வு இதுவே.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும், நன்னீரில் வளர்வதெனக் கருதப்பட்ட டெங்கு நுளம்பின் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆய்வாளர் கண்டுள்ளனர். தேர்வு ஓய்வதில்லை, ஒருமுறை வென்றோம் என்று நாமும் ஓய்ந்திருத்தல் தகாது.